பி.எல்.டி.சி. சீலிங் ஃபேன்: மோட்டார் அருமை, போர்டில்தான் கவனம் வேண்டும்

சாதா சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 70 முதல் 80 வாட் எடுக்கும். அதே 1200 மி.மீ. அளவில் பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார்) ஃபேன் 28 முதல் 35 வாட்டில் ஏறக்குறைய அதே காற்றைத் தருகிறது. வெறும் விளம்பரக் கணக்கு இல்லை இது. மிச்சமாவதற்கு ஒரு முக்கியக் காரணம் ரோட்டார், அதாவது மோட்டாரின் சுழலும் பகுதி.

இரண்டு ஃபேனிலும் காயில் சுற்றிய பகுதியான ஸ்டேட்டர் நடுவில் அசையாமல் நிற்கும். ரோட்டார் அதைச் சுற்றி வெளிப்பக்கம் இறக்கைகளோடு சுழலும். சாதா ஃபேனின் ரோட்டாரில் காந்தம் கிடையாது, அலுமினியப் பட்டைகள்தான். ஸ்டேட்டரின் சுழலும் காந்தப்புலம் அவற்றை முந்தி ஓடினால்தான் அவற்றில் மின்னோட்டம் தூண்டப்படும், சுழற்றும் விசை பிறக்கும். அதனால் ரோட்டார் எப்போதும் பின்தங்கியே ஓடும். 14 காந்தத் துருவங்கள் உள்ள ஃபேனில், 50 ஹெர்ட்ஸில், புலத்தின் வேகம் நிமிடத்துக்கு 428 சுற்று; ரோட்டார் ஓடுவது சுமார் 360. ரோட்டாருக்கு வந்து சேரும் சக்தியில் இந்த 16 சதவீதப் பின்தங்கல், அதாவது ஸ்லிப், அப்படியே சூடாகிறது. ரெகுலேட்டரைக் குறைத்து 200 சுற்றில் ஓட்டினால் ஸ்லிப் 53 சதவீதம், அதாவது பாதிக்கு மேல் வெப்பம்! மின்னழுத்தம் 230-லிருந்து 180 வோல்ட்டுக்கு இறங்கினால் விசையும் 61 சதவீதமாகிவிடும்.

பி.எல்.டி.சி. ரோட்டாரின் உட்சுவரில் நிரந்தரக் காந்தங்கள் ஒட்டியிருக்கும். தூண்டல் தேவையில்லை, ஸ்லிப்பும் இல்லை. குறைந்த வேகத்தில்தான் லாபம் இன்னும் அதிகம். ஸ்டேட்டரின் மூன்று ஃபேஸ் காயில்களுக்கு எப்போது கரண்ட் கொடுப்பது என்பதை ஃபேனுக்குள் இருக்கும் மின்னணு போர்டு முடிவு செய்கிறது. சென்சார் இல்லாத மாடல்களில், சுழலும் காந்தம் காயிலில் உண்டாக்கும் மின்னழுத்தத்தைப் படித்தே போர்டு ரோட்டாரின் இடத்தை அறிகிறது. மோட்டாராக ஓடும்போதே அது ஜெனரேட்டராகவும் வேலை செய்கிறது என்பதுதான் இதன் அழகு. நின்ற நிலையில் அந்த மின்னழுத்தம் இருக்காது, ரோட்டாரின் இடமும் போர்டுக்குத் தெரியாது. அதனால்தான் ஸ்விட்ச் போட்டதும் இறக்கை சிலசமயம் சற்றுப் பின்னால் அசைந்துவிட்டு ஓடத் தொடங்கும். பழுது என்று பயப்பட வேண்டாம்.

ஃபேன் நின்றுபோனால் குறை மோட்டாரிலா போர்டிலா என்று பார்ப்பது எளிது. மெயினை அணைத்து, போர்டில் தேங்கிய மின்சாரம் வடியச் சில நிமிடம் விட்டு, ஸ்டேட்டரின் மூன்று வயர்களையும் கழற்றுங்கள். வயர்கள் தனித்தனியே இருக்கும்போது ரோட்டார் கையில் லேசாகச் சுழல வேண்டும். ஏதேனும் இரண்டைச் சேர்த்துப் பிடித்துச் சுற்றினால் பிரேக் போட்டதுபோல் இறுகும். மூன்று ஜோடிக்கும் இறுக்கம் ஒன்றுபோல இருந்தால் வைண்டிங் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது, குறை போர்டில். ஏதாவது ஜோடி இறுகவே இல்லை என்றால் காயில் அறுந்திருக்கிறது. வயர்களைச் சேர்க்காமலே இறுக்கமாக இருந்தால் பேரிங்கையோ வைண்டிங் ஷார்ட்டையோ சந்தேகிக்கலாம். உரசும் சத்தமும் சேர்ந்தால் காந்தம் பெயர்ந்திருக்கலாம்.

பெரும்பாலும் போவது போர்டுதான். மின்னழுத்த எழுச்சியில் மாஸ்ஃபெட் (காயிலுக்குக் கரண்டைத் திறந்து மூடும் மின்னணு ஸ்விட்ச்) வெடிக்கும், வெப்பத்தில் கெப்பாசிட்டர் உப்பும். நேரடி இணைப்பு கொடுக்காமல் பழைய ரெகுலேட்டர் வழியாகவே மாட்டுவதும் போர்டைக் கெடுக்கும். வேறு மோட்டாருக்கான போர்டைப் பொருத்தினால் துருவக் கணக்கும் காயில் தடையும் ஒத்துவராமல் ஃபேன் திணறித் திணறி ஓடும்.

வாங்கலாம், தாராளமாக. வாட்டை மட்டும் பார்க்காமல் காற்றளவையும் பாருங்கள். போர்டு தனியாகக் கிடைக்காத மாடலைத் தவிருங்கள்.