ஓடாவியார் செதுக்கிய பூவரச நுகம்: பல போகம் பூட்டிப் பார்த்த பிறகு

2017 பெரும்போகத்துக்கு முன்னால் மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஓடாவியார் (மரத்தச்சர்) ஒருவரிடம் இந்த நுகத்தைச் செய்வித்தேன். வட்டையிலிருந்து (வயல்வெளியிலிருந்து) நெல் மூட்டை ஏற்றுவது, விறகு, வைக்கோல் என்று எல்லாவற்றுக்கும் இன்றுவரை இதுதான். வாவிக்கு மேற்கே உள்ள எங்கள் படுவான்கரையில் இப்போது லேண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சக்கர உழவு இயந்திரம் இல்லாத ஊர் கிடையாது. ஆனாலும் மாரியில் வயல் பாதை சேறாகிவிட்டால் வண்டில் மாடுதான் கைகொடுக்கிறது. சோடி மாடு வைத்திருப்பவர்களுக்கு இது உதவும்.

முன்பு எங்களிடம் இருந்தது சாதாரண உருட்டுத் தடி. உருண்டையான மரம் கழுத்தில் ஒரு கோடு போலத்தான் பதியும். பாரமெல்லாம் அந்தக் கோட்டில் இறங்கும். முதலில் மயிர் உதிரும், பிறகு தோல் தடிக்கும், மழை நாளில் அது புண்ணாகும். ஈ மொய்த்தால் புழுவும் வைத்துவிடும். சாக்கு, பழைய சாரன் சுற்றுவது ஊர் வழக்கம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நனைந்த துணி தோலை ஊறவைக்கும், மடிப்பு விழுந்த இடம் இன்னும் உரசும்.

நுகம் வேண்டுமென்று போனபோது ஓடாவியார் அளவு கேட்கவில்லை. "மாட்டக் கொண்டு வா மனே. கழுத்தப் பாக்காம நான் எதச் செதுக்குற?" என்றார். செவலையையும் வெள்ளையையும் நிறுத்தி, திமிலுக்கு முன்னால் தசை எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று கையால் தடவித் தடவிப் பார்த்துக் கரித்துண்டால் மரத்தில் குறித்தார். கழுத்தில் படும் இடம் உள்ளங்கை அகலத்துக்கு, கழுத்தின் வளைவுக்கு ஏற்றபடி குழிந்திருக்கும். விளிம்பு ஒன்றும் கூராக இல்லை. கடைசியில் உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டி, வேப்பெண்ணெய் பூசித் தந்தார். அந்த இடத்தில் இப்போது விரலை ஓட்டினாலும் வழுக்கிக்கொண்டு போகும்.

பலன் முதல் போகத்திலேயே தெரிந்தது. செவலையின் கழுத்தில் பழைய தடி விட்ட மொட்டைத் தழும்பில் மெல்ல மெல்ல மயிர் முளைத்தது.

ஆனால் நல்ல நுகம் மட்டும் போதாது, பூட்டுகிற விதமும் சரியாக வேண்டும். நுகம் திமிலுக்கு முன்னால் முழுதாகப் படிந்திருக்க வேண்டும். பூட்டாங்கயிற்றுக்கும் தொண்டைக்கும் நடுவே விரித்த கை தாராளமாகப் போய்வர வேண்டும். இறுக்கினால் ஏற்றத்தில் மூச்சு முட்டும். வண்டிலில் மூட்டை முன்னால் கூடினால் கழுத்தை அமுக்கும், பின்னால் கூடினால் துலா (வண்டிலிலிருந்து நுகத்துக்கு வரும் நீள மரம்) எழும்பிக் கயிறு தொண்டையைப் பிடிக்கும். நான் மூட்டை அடுக்கியதும் துலாவைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டைப் பூட்டுவேன். லேசான பாரம் முன்னால் இருந்தால் சரி. மழையில் நனைந்த கழுத்தைத் துடைக்காமல் பூட்டவே கூடாது. அவிழ்த்த பிறகு கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். சூடாக, வீங்கியிருந்தால் அது வற்றும்வரை ஓய்வு கொடுங்கள், எவ்வளவு அவசர வேலையாக இருந்தாலும்.

இன்னொன்று. வெள்ளைக்கு வயதாகி, இளங்கன்று ஒன்றைச் சோடி சேர்த்தபோது ஓடாவியார் துலா கட்டும் இடத்தை நடுவிலிருந்து இரண்டு விரல் செவலையின் பக்கம் தள்ளிவிட்டார். துலாவுக்கு எந்த மாடு கிட்டவோ அதற்குத்தான் பாரம் கூட. இளசுக்கு இழுவை குறைந்தது, பழகப் பழகத் திரும்பவும் நடுவுக்குக் கொண்டுவந்தோம்.

குறை இல்லாமல் இல்லை. பழைய தடியைவிடப் பாரம். இந்த இரண்டு மாட்டுக்கென்று செதுக்கியது என்பதால் அடுத்த வீட்டுக்காரர் இரவல் கேட்டால் கொடுக்க மனம் வராது, அவர் மாட்டுக்குப் பொருந்தாது. இளங்கன்று வந்ததும் ஒரு பக்கத்தைத் திரும்பவும் செதுக்க வேண்டி வந்தது. வெயிலில் போட்டால் வெடிக்கும், அதனால் வேலை முடிந்ததும் கொட்டிலுக்குள் தூக்கி வைக்கிறேன். நுகத்தில் செருகிய மரமுளைகள்தான் சீக்கிரம் தேய்கின்றன. முதலில் போட்டவை ஆடத் தொடங்கியதும் முதிரை மரத்தில் புதிதாகச் செய்து போட்டேன், அவை இன்னும் இறுக்கமாக நிற்கின்றன.