பர்மியச் செய்திக்கு யார் காசு கொடுப்பது: நன்கொடையா, விளம்பரமா, சந்தாவா?

யாங்கோன் டீக்கடைகளில் நம்ம தமிழ் ஆட்கள் பேசுகிற விஷயம், டாலருக்கு இன்றைக்கு எத்தனை கியாட் (பர்மா காசு), எந்தப் பேட்டையில் பையன்களின் பெயரைப் பட்டாளத்துக்கு எழுதிக்கொண்டு போகிறார்கள் என்பதெல்லாம், அரசுப் பத்திரிகையில் வருவதில்லை. மிஸ்ஸிமா, டிவிபி (டெமாக்ரடிக் வாய்ஸ் ஆஃப் பர்மா), இராவதி, மியான்மர் நவ், கித் தித் மாதிரி சுதந்திரச் செய்தி நிறுவனங்களிடமிருந்துதான் வருகிறது. 2021 பிப்ரவரி 1-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, மார்ச் 8-ல் ஐந்து செய்தி நிறுவனங்களின் உரிமத்தை ரத்து செய்தது. ஒஸ்லோவில் 1992-ல் தொடங்கிய டிவிபிக்கும், டெல்லியில் 1998-ல் தொடங்கிய மிஸ்ஸிமாவுக்கும் வெளிநாட்டு வாழ்க்கை புதிதில்லை. நாடு கொஞ்சம் திறந்ததும் திரும்பி வந்தார்கள், மறுபடி ஓட வேண்டியதாயிற்று. சரி, சம்பளம் எங்கிருந்து வரும்?

நாட்டுக்கு உள்ளேயே இருந்து, ராணுவத்துக்குப் பிடித்த மாதிரி எழுதி, விளம்பரம் வாங்கிப் பிழைக்கலாம். எழுதினதற்காகத் தண்டனைச் சட்டம் 505(அ) பிரிவில் மூன்று வருஷம் வரை சிறையில் தள்ளலாம் என்கிற ஊரில் அதைச் செய்தி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

வெளிநாட்டு நன்கொடையில் நல்ல விஷயம், படிக்கிறவன் ஒரு பைசா தர வேண்டாம், கிளிக்குக்காகத் தலைப்பை ஊத வேண்டாம். ஆனால் கொடுக்கிற கை மாறினால் கதை முடிந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது, மார்ச்சில் அந்த அரசின் காசில் ஓடிய வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி அடங்கியது, மே மாதம் அதே காசில் ஓடிய ரேடியோ ஃப்ரீ ஏஷியா தன் பர்மியப் பிரிவை மூடுவதாக அறிவித்தது. இதற்கு நடுவில் மார்ச் 28-ல் மண்டலே, சகாயிங் பக்கம் 7.7 அளவில் பூகம்பம். செய்தி அதிகம் தேவைப்பட்ட நேரத்தில் பணம் போனது. இதில் ஆசிரியர் தப்பு ஒன்றுமில்லை, வாஷிங்டனில் யாரோ போட்ட கையெழுத்து.

விளம்பரப் பணத்தைத்தான் நான் கடைசியில் வைப்பேன். யூடியூபும் ஃபேஸ்புக்கும் பார்வைக்குக் காசு தருகின்றன, உழைப்புக்குத் தருவதில்லை. 2015-ல் பர்மாவில் ஃபேஸ்புக்கில் அதிகம் லைக், ஷேர் வாங்கிய பத்துத் தளங்களில் ஆறு முறையான பத்திரிகைகள். கட்டுரையை ஃபேஸ்புக்குக்குள்ளேயே போட்டால் விளம்பர வருமானம் தந்த இன்ஸ்டன்ட் ஆர்ட்டிகிள்ஸ் வசதி வந்த மறு வருஷமே அது இரண்டானது, 2018-ல் ஒன்றுமில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் எடுத்த வீடியோவை எங்கோ உட்கார்ந்து வெட்டி ஒட்டுகிறவனுக்கும் அதே காசு கிடைக்கிறது. போதாததற்கு 2021 பிப்ரவரி முதலே இங்கே ஃபேஸ்புக் தடை. தடையைத் தாண்ட விபிஎன் செயலி போட்டுப் பார்க்கிறவன் போனைச் செக்போஸ்டில் வாங்கிப் பார்க்கிறார்கள்.

சந்தாவும் உறுப்பினர் கட்டணமும் கேட்க அழகாக இருக்கும். ஃபிரண்டியர் மியான்மர் ஆங்கிலத்தில் எழுதுவதால், தூதரகத்துக்காரர்களும் கம்பெனிக்காரர்களும் கட்டுவார்கள். பர்மிய மொழியில் படிக்கிற மோல்மீன் கடைக்காரர் எப்படிக் கட்டுவார்? ஆட்சி கவிழ்ப்புக்கு முன் டாலருக்கு 1,300 சொச்சம் கியாட், 2024-ல் வெளிச்சந்தையில் 4,000-க்கு மேல். அப்புறம், கேபிஇசட் பே என்கிற போன் வாலட்டில் இந்த மாதிரி செய்தி நிறுவனத்தின் பெயருக்குப் பணம் அனுப்பினால் கணக்கை முடக்குவது மட்டுமில்லை, வீட்டுக்கே ஆள் வருவான். ஆக, உள்ளே இருக்கிறவரிடம் சந்தா கேட்பதே அவருக்கு ஆபத்து.

அதனால் என் ஓட்டு சந்தாவுக்குத்தான், ஆனால் வெளியே இருக்கிற பர்மாக்காரர்கள் கட்டும் சந்தாவுக்கு. சிங்கப்பூர், பாங்காக், டோக்கியோவில் வேலை பார்க்கிறவர்கள் அவரவர் பெயரில் கட்டட்டும், உள்ளே எல்லாருக்கும் இலவசமாகப் போகட்டும். சென்னையிலும் மணிப்பூர் எல்லையில் இருக்கிற மோரேயிலும் பர்மாவிலிருந்து போய்க் குடியேறின நம்ம சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களையும் கேட்கலாம். இது மொத்தச் சம்பளத்துக்கும் வராது, நன்கொடை இல்லாமல் இப்போதைக்கு யாரும் ஓட்ட முடியாது. அதை நாலைந்து நாடுகளிடம் சின்னச் சின்னதாக வாங்கிக்கொள்ளலாம். உறுப்பினர் பட்டியலை மட்டும் நாட்டுக்கு உள்ளே இருக்கிற எந்தக் கணினியிலும் வைக்கக் கூடாது. ஊரில் அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது.