நீல ஸ்ப்ரூஸ் மரக்கண்ணுன்னு சொல்லி 43,500 ரூபாய வாங்கிட்டான், மலையில இடம் வச்சிருக்கவங்க தயவுசெஞ்சு படிங்க

இன்னிக்குக் காலைலதான் அந்த ஆளு என்னைய பிளாக் பண்ணிருக்கான், அந்தக் கோவத்தோடதான் எழுதுறேன், பிழை இருந்தா பொறுத்துக்கங்க. போட்டோ, ரீல்ஸ் போடுற ஆப்புல பேஜ் வச்சு செடி விக்கிறவங்க இருக்காங்கல்ல, அதுல ஒருத்தன்.

எங்களுக்கு மதுரைல வீடு, கொடைக்கானல் மலைல மன்னவனூர் பக்கம் கொஞ்சம் இடம். அங்க வேலியோரமா வருசம் பூரா பச்சையா நிக்கிற மாதிரி ஊசியிலை மரம் வைக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. அந்தப் பக்கம் மார்கழி, தைல உறைபனி விழும், புல்லெல்லாம் வெள்ளையா கெடக்கும், நம்ம ஊர்ச் செடி அங்க தாங்காது. அதனால விசாரிச்சுத்தான் வாங்கணும்னு இருந்தேன்.

அவன் வீடியோ கால்ல வந்தான். மண்ணு எப்படி, தண்ணி நிக்குமா, காத்து எந்தப் பக்கம் அடிக்கும், எல்லாம் கேட்டான். நான் லேலண்ட் சைப்ரஸும் கேட்டேன், "வேணாங்க்கா, அது கண்டபடி வளரும், வெட்டி மாளாது, காசு வேஸ்ட்"னான். விக்கிறவனே வேணாம்னு சொல்றானேன்னுதான் எனக்கு நம்பிக்கை வந்துச்சு. அப்புறம் ஒரு மரத்தோட கிளைய விரலால தடவிக் காமிச்சான், வெள்ளி கலந்த நீலம், "இதுதாங்க்கா ஒரிஜினல் ப்ளூ ஸ்ப்ரூஸ், மைனஸ் 40 டிகிரி தாங்கும்"னான். ஸ்ப்ரூஸ் 25, ஒண்ணு 1,200. பைன் 25, ஒண்ணு 450. லாரி வாடகை 2,250. மொத்தம் 43,500 ரூபாய், யூபிஐல அனுப்புனாத்தான் லோடு ஏத்துவேன்னான், அனுப்பிட்டோம்.

பார்சல் ஆபீஸ்ல எடுக்கும்போதே பாதிச் செடில மண்ணு உதிர்ந்து வேர் தெரிஞ்சுச்சு. நீலமே இல்ல. போன் போட்டா, "லாரில வந்த அலுப்புக்கா, குளிர் பட்டா நீலம் ஏறும்"னான். சரின்னு மலைக்கு ஏத்திக் கொண்டுபோனோம். அங்க பக்கத்து ஊர்ல ஒரு பெரியவர், வனத்துறை நர்சரில வேலை பாத்தவரு, குழி எடுக்க ஆள் கேக்கப் போனப்ப அவரே வந்து பாத்தாரு. 'பைன்'ல ஒரு ஊசியப் புடிச்சு லேசா இழுத்தாரு, நடுவுல கணுவுல கழண்டு வந்துருச்சு. இன்னொண்ண இழுத்தாரு, அதுவும் அப்படியே. "ஏம்மா, இது சவுக்கும்மா"ன்னாரு. கிட்ட வச்சுப் பாத்தா ஒவ்வொரு கணுவச் சுத்தியும் பொடிப்பொடியா பல்லு மாதிரி இருக்கு, சவுக்குக்கு அதுதான் இலையாம், நாம ஊசின்னு நெனைக்கிறது குச்சிதான். சவுக்கு ஊசியிலை மர வகையே இல்ல, பூக்குற மரம். பந்தக்காலுக்கும் சாரத்துக்கும் வெட்டுற சவுக்கக் கண்ணுக்கு 450 ரூபா!

நீல ஸ்ப்ரூஸ்னு குடுத்தது அரவுகேரியா, நம்மூர்ல கிறிஸ்மஸ் மரம்னு தொட்டில வச்சு விப்பாங்களே அதேதான். தட்டுத் தட்டா கிளை, ஊசி மெத்துனு இருக்கும். அது நார்ஃபோக் தீவு மரம், உறைபனி பட்டா கருகிரும். நெசமான நீல ஸ்ப்ரூஸ் அமெரிக்காவுல ராக்கி மலை மரம், கொலராடோவோட மாநில மரமே அதுதான். கைய வச்சா குத்தும்.

இதையெல்லாம் போட்டோ எடுத்து அனுப்புனா அவன் பேச்சே மாறிருச்சு. மொதல்ல "ஒரு மாசம் பொறுங்க". அப்புறம் "அக்கவுண்ட்ஸ் மேடத்துக்கிட்ட பேசுங்க"ன்னு ஒரு நம்பர், அது சுவிட்ச் ஆஃப். என் வீட்டுக்காரர் பேசுனா "வண்டி ஓட்டிட்டு இருக்கேண்ணே"ன்னு கட் பண்றான். கடைசில என்ன கேட்டான் தெரியுமா, "நீங்களே செடிய மாத்தி வச்சுட்டு போட்டோ அனுப்புறீங்களா"ன்னு. எனக்கு உடம்பெல்லாம் ஆடிப்போச்சு. 43,500 ரூபாய குடுத்துட்டு நாங்க திருட்டுப் பட்டம் வாங்கணுமா? ஆப்புல ரிப்போர்ட் அடிச்சா, விதிமீறல் எதுவும் இல்லைன்னு ஒரு வரி, அம்புட்டுத்தான்.

ஊசியிலை மரத்த எப்படி அடையாளம் பாக்குறது, எத வைக்கலாம்னு விலாவாரியா எழுதணும்னுதான் உக்காந்தேன், இப்ப இருக்குற மனநிலைல முடியல, முக்கியமானத மட்டும் சொல்லிர்றேன். பைன்னா ஊசி தனியா வராது, கொத்தா வரும், ரெண்டோ மூணோ அஞ்சோ ஒரே அடில இருக்கும், கொடைக்கானல்ல நெறைய நிக்கிற பட்டுலா பைனுக்கு பெரும்பாலும் மூணு, நீளமா தொங்கும். ஸ்ப்ரூஸ்ல ஒத்த ஊசி, அதுக்கு நாலு பக்கம், ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சா உருளும், ஊசி உதிர்ந்த குச்சியத் தடவுனா முண்டு முண்டா சொரசொரப்பா இருக்கும். உருளாம தட்டையா இருந்தா ஃபிர்ங்கிற இன்னொரு ஊசியிலை மரமா இருக்கலாம், அதுல குச்சி வழுவழுன்னு இருக்கும். சைப்ரஸ், தூஜாவுக்கெல்லாம் செதில் செதிலா இலை. செடி கைக்கு வந்ததும் இத மட்டுமாவது பாருங்க, வீடியோல காட்டுற கலர நம்பாதீங்க.

மைனஸ் 40ங்கிற கதைய நம்பவே நம்பாதீங்க. அது அமெரிக்காக்காரங்க எந்த ஊர்ல எவ்ளோ குளிரும்னு மண்டலம் மண்டலமா பிரிச்சதுல மூணாம் மண்டலக் கணக்கு. நம்ம மலைல அந்தக் குளிரே கெடையாது, உறைபனி விழுற சில ராத்திரி அவ்ளோதான். ஸ்ப்ரூஸுக்கு நீளமான குளிர்காலம் வேணும், நெசமான செடியவே குடுத்திருந்தாலும் இங்க நல்லா வளர்றது கஷ்டம்னு அந்தப் பெரியவர் சொல்றாரு. அவனுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? மலைல ஏற்கனவே தலைமுறையா நிக்கிற சைப்ரஸ் மாதிரி மரத்தப் பாத்து, அங்கயே வளத்த கண்ண, கண்ணால பாத்து வாங்குங்க. முழுக் காசையும் முன்னாடி குடுக்காதீங்க.

ஏமாந்தவங்க உடனே சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930க்கு அடிங்க, நேரம் போகப் போக காசப் புடிக்கிறது கஷ்டம். நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915. நுகர்வோர் கோர்ட்ல 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கெடையாது, வக்கீல் இல்லாம நாமளே போடலாம். யூபிஐ ரசீது, சாட், லாரி ரசீது, செடி போட்டோ எல்லாம் பிரிண்ட் எடுத்துட்டேன், மதுரைல போடப்போறோம். இதே மாதிரி மாட்டுனவங்க இருந்தா உங்க ஸ்கிரீன்ஷாட்ட அழிச்சிராதீங்க, எனக்கு மெசேஜ் பண்ணுங்க, சேந்தே போடலாம்.