மட்டி வாழைக்கு ஒரு டிஎன்ஏ சில்லு: ஈ-அரே வடிவமைப்புத் தளத்தைப் பயன்படுத்திய அனுபவம்

குமரி மாவட்டத்தில் பிள்ளைக்கு முதன்முதலில் ஊட்டும் பழம் மட்டி. 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் பெற்றுவிட்ட இந்த வாழைக்கு, இலைப்புள்ளி நோய் தாக்கும்போது எந்தெந்த மரபணுக்கள் கூடுதலாக இயங்குகின்றன, எவை அடங்கிப்போகின்றன என்று அறிய வேண்டும் என்பதே எங்கள் கல்லூரித் துறையின் சிறிய ஆய்வுத் திட்டம். அதற்கு டிஎன்ஏ மைக்ரோஅரே, அதாவது கண்ணாடித் தகட்டின் மீது பல்லாயிரம் குறுந்துண்டு டிஎன்ஏ-க்களைப் புள்ளி புள்ளியாகப் பதித்த சில்லு ஒன்று தேவைப்பட்டது. அரிசிக்கும், ஆய்வகங்களில் பரவலாகப் பயன்படும் அரபிடோப்சிஸ் என்னும் சிறு செடிக்கும் ஆயத்தச் சில்லுகள் உண்டு; வாழைக்கு நாங்கள் தேடியபோது எதுவும் கிடைக்கவில்லை. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில் வாழையின் வறட்சித் தாக்கத்தை அஃபிமெட்ரிக்ஸ் நிறுவனத்தின் அரிசிச் சில்லைக் கொண்டே அளந்திருக்கிறார்கள். துணிச்சலான முயற்சிதான், ஆனால் மாமியார் அளவுக்குத் தைத்த ரவிக்கையை மருமகள் உடுத்திப் பார்ப்பது போன்றது. ஆகவே எங்களுக்கென்றே ஒரு சில்லை வடிவமைக்க, ஏஜிலென்ட் நிறுவனத்தின் ஈ-அரே என்னும் இணைய மென்பொருளைப் பயன்படுத்தினோம். அதைப் பற்றிய மதிப்பீடே இது.

தனிப்பட்ட வடிவமைப்பு என்பது கட்டுப்படியாகும் விலையில் எப்படி நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அஃபிமெட்ரிக்ஸ் முறையில் 25 எழுத்து (டிஎன்ஏ-வின் ஏ, சி, ஜி, டி என்னும் காரங்கள்) நீளமுள்ள புரோப்புகளை, அதாவது மரபணுவின் படியைப் பிடிக்கும் குறுந்துண்டு டிஎன்ஏ-க்களை, ஒளியச்சுத் தொழில்நுட்பத்தால் சில்லின் மீதே வளர்ப்பார்கள். அதற்கு ஒவ்வொரு வடிவமைப்புக்கும் தனியே மறைப்புத் தகடுகள் செய்ய வேண்டும். ஏஜிலென்ட் முறையில் மை பீய்ச்சும் அச்சுப்பொறியைப் போன்ற கருவி, நான்கு காரங்களின் வேதிப்பொருள்களை அடுக்கடுக்காகத் தெளித்து 60 எழுத்து நீளமுள்ள புரோப்பை அந்தந்தப் புள்ளியிலேயே கட்டி எழுப்புகிறது. இந்த மைத்தெளிப்பு முறையின் வலிமையை ரோசெட்டா நிறுவன ஆய்வாளர்கள் 2001-இல் விரிவாக வெளியிட்டார்கள். மறைப்புத் தகடு வேண்டாம் என்பதால், எந்தப் புள்ளியில் எந்த எழுத்து வரிசை என்பது வெறும் கணினிக் கோப்பாகிவிடுகிறது. அந்தக் கோப்பை உருவாக்கும் இடமே ஈ-அரே. பதிவு செய்துகொண்டால் தளத்தைப் பயன்படுத்தக் கட்டணம் இல்லை; அச்சடித்த தகட்டுக்குத்தான் பணம். வேறு நிறுவனத்தின் தகட்டுக்கு இந்தத் தளம் உதவாது என்பதையும் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது.

தளத்தில் நுழைந்ததும் ஆய்வின் வகையைக் கேட்கிறது. மரபணு வெளிப்பாடு என்று தேர்ந்தெடுத்தபின் மரபணுக்களின் எழுத்து வரிசைகளை ஃபாஸ்டா என்னும் உரைக் கோப்பாக ஏற்ற வேண்டும். வாழையைப் பொறுத்தவரை நமக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. 2012-இல் நேச்சர் இதழில் வெளியான வாழை மரபணுத்தொகுதி, பகாங் எனப்படும் மூசா அக்குமினேட்டா வகைச் செடியினுடையது. அதில் 36,542 மரபணுக்கள் கணிக்கப்பட்டன. மட்டியும் ஏஏ, அதாவது அக்குமினேட்டாவின் ஏ தொகுதி இரண்டு கொண்ட, இருமடிய வாழைதான். எனவே பகாங்குக்கு எழுதிய புரோப் மட்டியின் ஆர்என்ஏ-யோடு பெரும்பாலும் ஒட்டும். இதே சில்லை ஏத்தனுக்குப் பயன்படுத்த நினைத்தால் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும். ஏத்தன் ஏஏபி, அதில் மூசா பால்பிசியானாவிலிருந்து வந்த பி தொகுதியும் கலந்திருக்கிறது. 60 எழுத்துப் புரோப் ஓரிரு எழுத்து மாற்றங்களைப் பொறுத்துக்கொள்ளும் என்றாலும், சமிக்ஞை குறைந்தது மரபணு அடங்கியதாலா, எழுத்து பொருந்தாததாலா என்று பிரித்தறிய முடியாது.

இனி வருவதுதான் இந்த மதிப்பீட்டின் நடுப்பகுதி. நாங்கள் இரண்டு வாரம் செலவழித்ததும் இங்கேதான். புரோப்பின் திசையை, அதாவது அது மரபணுவின் நேரிழையாக (மரபணு இயங்கும்போது உருவாகும் எம்ஆர்என்ஏ என்னும் படியின் அதே வரிசை) இருக்க வேண்டுமா எதிரிழையாக (அதோடு ஒட்டும் இணைவரிசை) இருக்க வேண்டுமா என்று தளம் கேட்கிறது. பாடப்புத்தகம் படித்த எவரும், எம்ஆர்என்ஏ-யைப் பிடிக்க வேண்டுமானால் அதற்கு எதிரான இழைதானே வேண்டும் என்று எதிரிழையைத் தேர்ந்தெடுப்பார்கள். நானும் அப்படித்தான் தேர்ந்தெடுத்தேன். ஆனால் இந்த முறையில் தகட்டின் மேல் ஊற்றப்படுவது எம்ஆர்என்ஏ அன்று. எம்ஆர்என்ஏ-யிலிருந்து சிடிஎன்ஏ என்னும் டிஎன்ஏ படியை எடுத்து, அதிலிருந்து டி7 பாலிமரேஸ் நொதியைக் கொண்டு, ஒளிரும் சாயம் ஏற்றிய சிஆர்என்ஏ-யைப் படியெடுக்கிறோம். அந்தச் சிஆர்என்ஏ-யே எதிரிழை. ஆகையால் தகட்டில் இருக்க வேண்டியது நேரிழை. முதுநிலை மாணவர் ஒருவர் தாளில் நான்கு வரியாக எழுதிக் காட்டி, "சார், ரெண்டும் ஒரே பக்கம் பாக்குது, எப்படி ஒட்டும்?" என்று கேட்டிராவிட்டால், ஒளியே தராத தகடுகளை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இந்த இடத்தில் மென்பொருளின் மீது குறை சொல்ல முடியாது. அது கேட்ட கேள்வி சரியானது, என் விடைதான் தவறு. இருந்தாலும், எந்தச் சாயமேற்றும் முறைக்கு எந்தத் திசை என்று அந்தக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு படம் இருந்தால், என்னைப் போன்றவர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

திசைச் சிக்கல் அத்துடன் தீரவில்லை. பகாங் மரபணுக்களோடு, மட்டி இலையிலிருந்து நாங்களே வரிசைப்படுத்திக் கோத்த ஆர்என்ஏ தொடர்களையும் சேர்க்க விரும்பினோம். அந்த வரிசைப்படுத்தல் இழை வேறுபாடு காட்டாத மலிவான முறையில் செய்யப்பட்டது. கோத்த தொடர் ஒவ்வொன்றும் நேராக இருக்கிறதா தலைகீழாக இருக்கிறதா என்பது தெரியாது. புரதத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டுத் திசை கண்டவை போக, எஞ்சியவற்றுக்கு இரு திசையிலும் புரோப் எழுதி இரண்டையும் சில்லில் வைத்தோம். எது ஒளிர்கிறதோ அதுவே சரியான திசை. மாதிரி உயிரி அல்லாத தாவரங்களில் வேலை செய்பவர்களுக்கு இது பழகிய வழி. இடத்தை இருமடங்கு தின்றாலும் நம்பகமானது.

அடுத்தது, புரோப்பை மரபணுவின் எந்தப் பகுதியில் வைப்பது என்பது. 3' முனையை, அதாவது மரபணுப் படியின் வால்பக்கத்தை, ஒட்டி வைக்கும் விருப்பத் தேர்வைத் தளம் தருகிறது. அதை எடுத்துக்கொள்வதே முறை. சிடிஎன்ஏ உருவாக்கம் எம்ஆர்என்ஏ-யின் வாலில் இருக்கும் தொடர் ஏ எழுத்துகளைப் பற்றிக்கொண்டு தொடங்குவதால், வாலுக்கு அருகிலுள்ள பகுதியே சீராகப் படியெடுக்கப்படும். இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. தரவுத்தளத்திலிருந்து புரதக் குறியீட்டுப் பகுதியை மட்டும் கொண்ட கோப்பை இறக்கி ஏற்றினால், 3' முனை என்று மென்பொருள் நினைப்பது உண்மையான முனை அன்று. நிறுத்தக் குறியீட்டோடு கோப்பு முடிந்துவிடும். அதற்கப்பால் உள்ள மொழிபெயர்க்கப்படாத பகுதியில்தான் ஒரே குடும்பத்து மரபணுக்கள் ஒன்றுக்கொன்று நன்றாக வேறுபடும். வாழையின் பரம்பரையில் மரபணுத்தொகுதி முழுவதும் மூன்று முறை இரட்டிப்பாகியிருக்கிறது என்று 2012 ஆய்வு காட்டியது. ஒத்த சாயலுள்ள அண்ணன் தம்பி மரபணுக்கள் அதில் ஏராளம் என்பதால், வாழைக்கு இந்தக் கோப்புத் தேர்வு மிக முக்கியம். முழு எழுத்துப்படிக் கோப்பையே ஏற்றுங்கள்.

புரோப் தேர்வு வேலையை அனுப்பிவிட்டு நாம் வேறு வேலை பார்க்கலாம். முடிந்ததும் மின்னஞ்சல் வருகிறது. கார அமைப்பின் அடிப்படையில் ஒவ்வொரு புரோப்புக்கும் ஒரு தரநிலை கிடைக்கிறது. பிசி-1 என்பது மேலானது, பிசி-புவர் என்பது தள்ளத்தக்கது. ஒரே எழுத்து நீளமாகத் தொடர்வது போன்ற குறைகளை இது நன்றாகப் பிடித்துவிடுகிறது. பிற மரபணுக்களோடு தவறாக ஒட்டக்கூடிய புரோப்புகளைக் கண்டறிய நாமே ஓர் எழுத்துப்படித் தொகுப்பை ஏற்றலாம் என்பது நல்ல வசதி. ஆனாலும் பட்டியலை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், இறக்கிய புரோப்புகளை எங்கள் கணினியில் வரிசைகளை ஒப்பிடும் பிளாஸ்ட் நிரலில் மீண்டும் ஓட்டிப் பார்த்தோம். கேன் முதலானோர் 2000-இல் 50 எழுத்துப் புரோப்புகளை வைத்துச் சொன்ன அளவுகோல் எளிமையானது: வேறொரு மரபணுவோடு 75 விழுக்காட்டுக்கு மேல் ஒற்றுமை இருந்தாலோ, 15-க்கு மேற்பட்ட எழுத்துகள் இடைவிடாமல் ஒத்துப்போனாலோ எச்சரிக்கை தேவை. நோய் எதிர்ப்பு மரபணுக் குடும்பங்களில் இந்த வடிகட்டலில் சில புரோப்புகள் விழுந்தன. அவற்றைக் கையால் மாற்றினோம். ஒரு மரபணுவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட புரோப்புகளைக் கேட்டு வாங்க முடிவதால் மாற்று தேடுவது சிரமமாக இல்லை.

தகட்டின் வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது அடுத்த படி. ஒரே தகட்டில் எட்டுச் சில்லுகள் உள்ள 8×60கே வடிவத்தை எடுத்தோம். ஒவ்வொன்றிலும் 62,976 புள்ளிகள். நோயுற்ற செடி நான்கு, நோயற்ற செடி நான்கு என்று ஒரு தகட்டிலேயே ஆய்வு முடிந்துவிடும். பகாங் மரபணுக்களும், நிறுவனம் தானாகவே வைக்கும் கட்டுப்பாட்டுப் புள்ளிகளும் போக ஏறத்தாழ 25,000 இடம் மிஞ்சியது. அதில் மட்டித் தொடர்களை இரு திசையிலும் வைத்து, மீதியில் முக்கிய மரபணுக்களுக்குப் பல படிகள் வைத்தோம். இந்த அடுக்கும் வேலையைத் தளம் அழகாகச் செய்கிறது. புள்ளிகளை இடம் கலைத்து வைப்பதால் தகட்டின் ஒரு மூலையில் கறை பட்டாலும் ஒரு மரபணு முழுவதும் போய்விடாது. வடிவத்தை முடிவு செய்வதற்குமுன் ஸ்கேனரைப் பற்றி விசாரித்துவிடுங்கள்: இந்த அடர்த்திக்கு 3 மைக்ரான் நுட்பத்தில் படம்பிடிக்கும் கருவி வேண்டும், 5 மைக்ரான் பழைய ஸ்கேனர் போதாது. எங்களிடம் ஸ்கேனரே இல்லை. வெளியூர் ஆய்வகம் ஒன்றில் நேரம் கேட்டு வாங்கினோம்.

எல்லாம் சரிபார்த்து இறுதியாகச் சமர்ப்பித்ததும் வடிவமைப்புக்கு ஓர் எண் கிடைக்கிறது. அதன்பின் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது; திருத்த வேண்டுமானால் படியெடுத்துப் புதிய எண்ணில் மீண்டும் சமர்ப்பிக்க வேண்டும். முதலில் இது கெடுபிடியாகத் தோன்றியது. ஆனால் மூன்று ஆண்டு கழித்து அதே எண்ணில் தகடு வாங்கும் ஒருவருக்கு அதே புள்ளியில் அதே எழுத்து வரிசை கிடைக்க வேண்டும் என்றால் வேறு வழியில்லை. ஜியோ (GEO) போன்ற பொது மரபணுத் தரவகத்தில் முடிவுகளைச் சேர்க்கும்போதும் வடிவமைப்பின் முழு விவரம் வேண்டும்; அதைத் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம்.

வாங்கும் கதை வேறு. தகடு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். விலைப்புள்ளி கேட்டு எழுதிய கடிதத்துக்கு இடைத்தரகு நிறுவனம் ஒன்று பதில் தரவே மாதக்கணக்கானது. ஒரே நிறுவனம்தான் தயாரிக்கிறது என்ற சான்றிதழ் இல்லாமல் கல்லூரிக் கணக்குப் பிரிவு கோப்பை நகர்த்தாது. வடிவமைப்பைத் தொடங்கும் நாளிலேயே இந்தத் தாள்களையும் தொடங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

சோதனைக்கூட வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாழை இலையிலிருந்து சுத்தமான ஆர்என்ஏ எடுப்பது, பாலும் பாலிபீனாலும் சர்க்கரைப் பொருள்களும் நிறைந்திருப்பதால், எளிதன்று. சிடேப் (CTAB) என்னும் சலவைப்பொருளைக் கொண்டு பிரித்தெடுக்கும் முறை கைகொடுத்தது. சாயமேற்றிய மாதிரியைத் தகட்டில் விட்டு, 65 டிகிரி செல்சியஸில் 17 மணி நேரம் சுழலவிட வேண்டும். தென்மேற்கிலும் வடகிழக்கிலும் இருமுறை மழை கொட்டும் மாவட்டத்தில் 17 மணி நேரம் மின்சாரம் தடைபடாது என்று நம்பி இறங்கக்கூடாது. அடுப்பை இன்வெர்ட்டரில் மாட்டி, இரவு முழுவதும் ஒருவர் காவல் இருந்தோம். சை3 என்னும் ஒரே சாயத்தை மட்டும் பயன்படுத்தியதால், காற்றிலுள்ள ஓசோனால் சை5 வெளுத்துப்போகும் தொல்லை இல்லை.

இதற்கு மாற்று உண்டா என்றால் உண்டு. டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான ஒலிகோவிஸ் மென்பொருளின் 2005-ஆம் ஆண்டுப் பதிப்பு, குறுக்கு ஒட்டல், உருகுநிலை வேறுபாடு, மடிப்பு, இடம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மதிப்பெண் தந்து, எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் என்பதை நம்மிடமே விட்டது. புரோப்பை ஏன் தேர்ந்தெடுத்தது என்று புரிந்துகொள்ள விரும்புபவனுக்கு அந்த அணுகுமுறையே எனக்குப் பிடித்தது. ஈ-அரேயில் தேர்வின் உள்காரணம் அவ்வளவு வெளிப்படையாக இல்லை. ஆனால் ஒலிகோவிஸ் வரிசையைத் தருவதோடு நின்றுவிடும். தகடாக அச்சிட்டு வருவதற்கு வேறு வழி நாம்தான் தேட வேண்டும். ஆர்என்ஏ வரிசைப்படுத்தலோடு ஒப்பிட்டால், அறியாத மரபணுவைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் சில்லு உதவாது. பட்டியல் கையில் இருந்து, அதே பட்டியலை நூற்றுக்கணக்கான இலைகளில் திரும்பத் திரும்ப அளக்க வேண்டுமானால் சில்லுதான் எளிது. பகுப்பாய்வுக்குப் பெரிய கணினியும் வேண்டாம். துறையிலிருக்கும் பழைய மேசைக்கணினியே போதுமானதாக இருந்தது.

எங்கள் முதல் தகட்டில் இரு திசையில் வைத்த தொடர்களில் எது ஒளிர்ந்தது என்பது இப்போது தெரிந்துவிட்டது. ஒளிராத திசைப் புரோப்புகளை நீக்கி, காலியாகும் இடத்தில் செம்மட்டி வாழையின் தொடர்களைச் சேர்த்து, இரண்டாம் வடிவமைப்பை வரைவு நிலையில் வைத்திருக்கிறோம். திசைக் கட்டத்தில் நேரிழை என்று இருப்பதை அந்த மாணவரும் நானும் தனித்தனியாகப் பார்த்துக் கையொப்பமிட்ட பிறகே சமர்ப்பிப்பதாக ஏற்பாடு.