புதிய நர்ஸ் பிராக்டிஷனருக்கு எது ஏற்றது: ரெசிடென்சியா, பணியிட வழிகாட்டியா?

அமெரிக்காவில் உரிமம் பெற்ற புதிய நர்ஸ் பிராக்டிஷனர்கள் (நோயைக் கண்டறிந்து மருந்து எழுதித்தரும் மேற்படிப்பு பெற்ற செவிலியர்கள்), நேரடியாக வேலையில் சேர்ந்து மூத்தவர் ஒருவரின் துணையுடன் பழகுவதா, ரெசிடென்சி எனப்படும், மேற்பார்வையுடன் கூடிய ஊதியப் பயிற்சியில் சேர்வதா என்று தயங்குகிறார்கள். மருத்துவர்களுக்கு ரெசிடென்சி கட்டாயம்; இவர்களுக்கு அப்படியில்லை. கனெக்டிகட்டின் சமூக சுகாதார மையம் ஒன்று 2007-இல்தான் ஓராண்டு ரெசிடென்சியை முதன்முதலில் தொடங்கியது.

ஊதியம்: ரெசிடென்சியில் பொதுவாகக் குறைவு, வேலையில் முழுச் சம்பளம்.

நோயாளிகளின் எண்ணிக்கை: ரெசிடென்சியில் படிப்படியாக உயரும்; வேலையில், ஒப்பந்தத்தில் எழுதி வாங்காவிட்டால், முழு அட்டவணையும் விரைவில் தலையில் விழும்.

கற்பித்தல்: உண்மையான வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. நல்ல ரெசிடென்சியில் மேற்பார்வையாளருக்கு மேற்பார்வையிடும் நேரத்தில் தமக்கென நோயாளிகள் இருப்பதில்லை. எனவே இன்சுலின் அளவை உயர்த்தலாமா என்ற ஐயத்தை, நோயாளி அறையில் காத்திருக்கும்போதே கேட்டுத் தெளியலாம். பணியிட வழிகாட்டி எவ்வளவு நல்லவராயினும் பெரும்பாலும் மதிய உணவு இடைவேளையில்தான் கிடைப்பார்.

செவிலியராகப் பல ஆண்டுகள் பணியாற்றி அதே துறையில் தொடர்பவருக்கு வழிகாட்டியே போதும்; அதற்கென வாராந்தர நேரத்தை நிர்வாகம் ஒதுக்குமா என்பதைச் சேரும்முன் கேட்டுக்கொள்ள வேண்டும். அனுபவம் குறைந்தவரும், பல நோய்கள் சேர்ந்த நோயாளிகளைப் பார்க்கப் போகிறவரும் சம்பளக் குறைவைப் பொறுத்துக்கொண்டு ரெசிடென்சியைத் தேர்வதே நல்லது. இடங்கள் குறைவு என்பதால், படிப்பு முடியும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.