ஹைகிரவுண்டில் ‘கரண்டு’ வைக்கும் ஏழு வாரம்

அம்பை, வள்ளியூர்ப் பக்கம் புற்றுநோய்க்குக் கொடுக்கும் கதிர்வீச்சு சிகிச்சை என்றால் யாருக்கும் பிடிபடாது. ‘கரண்டு வைக்கிறது’ என்றால்தான் விளங்கும். பெயர்தான் கரண்டு, படுத்திருக்கையில் சூடும் தெரியாது, வலியும் தெரியாது.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது, “கோபால்ட்டா, லீனியரா?” இரண்டும் கதிர் பாய்ச்சும் மிஷின்கள்; முன்னது கோபால்ட் 60 என்ற கதிரியக்க உலோகத்தாலும், பின்னது மின்சாரத்தாலும் ஓடும். கேட்க வேண்டியதுதான். கோபால்ட் 60-இன் வீரியம் ஐந்தே கால் வருஷத்தில் பாதியாகும். உள்ளே இருக்கும் கோபால்ட் பழசானால் அதே அளவு கதிருக்குக் கூடுதல் நேரம் படுக்க வேண்டும், அவ்வளவே. பக்கத்து உறுப்பைக் காப்பாற்றுவதில் லீனியர் ஒரு படி மேல். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் செலவுக் கவலை பெருமளவு குறையும். ஆனால் ஒப்புதல் வர வேண்டும். பயாப்சி (சதைப் பரிசோதனை) ரிப்போர்ட், ஆதார், ரேஷன் கார்டு நகல்களை முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால் மிஷினைவிட மாஸ்க்தான் முக்கியம். தொண்டை, வாய்ப் புற்றுக்கு பிளாஸ்டிக் வலையை வெந்நீரில் இளக்கி, முகத்தின் மேல் இழுத்து அழுத்துவார்கள். சில நிமிஷத்தில் இறுகிவிடும். அதை மாட்டியபடிதான் சி.டி. ஸ்கேன் எடுத்து, கதிர் எங்கே படவேண்டும் என்று திட்டம் போடுவது. மூன்றாம், நான்காம் வாரம் வாய்ப்புண்ணால் சாப்பாடு இறங்காது, உடம்பு மெலியும், மாஸ்க் தொளதொளக்கும். தலை அசைந்தால் குறி தப்பும். ‘லூசா இருக்கு’ என்று டெக்னீஷியனிடம் நோயாளியே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கூச்சப்பட்டுப் பேசாமல் இருப்பவர்களே அதிகம்.

தொண்டைக்கு வழக்கமாக மொத்தம் 70 கிரே (கதிர் அளவின் அலகு), 35 தடவை, வாரம் 5 நாள். நடுவில் நாள் விட்டால் புற்றணு மறுபடி பெருகும். மிஷின் பழுதோ பண்டிகையோ, விட்டுப்போன நாளைச் சனிக்கிழமை வைத்தோ, 6 மணி நேர இடைவெளியில் ஒரே நாளில் இரண்டு தடவை வைத்தோ ஈடுகட்டலாம். கேட்டால்தான் நடக்கும். தினம் பஸ்ஸில் வந்து போவதைவிடப் பக்கத்தில் தங்குவது நல்லது.

கர்ப்பவாய்ப் புற்றுக்கு வெளியிலிருந்து சுமார் 25 தடவை, பிறகு கதிர் தரும் பொருளைக் கர்ப்பவாய்க்கு உள்ளேயே வைப்பது; எல்லாம் 8 வாரத்துக்குள் முடிய வேண்டும். சிறுநீர்ப்பை நிறைந்திருக்கச் சொன்னால், தினமும் ஒரே அளவு தண்ணீர், ஒரே காத்திருப்பு.

தொண்டை, வாய்ப் புற்றானால், ஆடும் பல்லைக் கரண்டு வைக்கும் முன்பே பிடுங்கி, இரண்டு வாரமாவது ஆறவிடுங்கள். பின்னால் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். கதிர் படும் இடத்தைக் குறிக்கத் தோலில் மையால் போட்ட கோட்டைத் தேய்த்துக் குளிக்க வேண்டாம். வாய் எரிகையில் மிளகாய் இல்லாத சொதியும் குழைந்த சோறும் இறங்கும்; வெற்றிலை, புகையிலை கூடவே கூடாது.