வண்டி வயர்லெஸ் இரைச்சல்: ஃபில்டரா, நேரடி பேட்டரி வயரா?

மண்டபம், பாம்பன் பக்கம் ஓடும் வண்டியில் வயர்லெஸ் செட்டைப் போட்டதும் 'ஙொய்ங்' என்ற சத்தம். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் ஏறினால், அது ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் கருவி) இரைச்சல். பெரும்பாலும் கரண்ட் வயர் வழியாகத்தான் வரும். அந்த வயரில் இரைச்சலை வடிகட்டும் ஃபில்டர் மாட்டுவது சுலபம், செட் இழுக்கும் ஆம்பியரை அது தாங்கினால் சரி.

ஆனால் என் ஓட்டு நேரடி வயருக்குத்தான். லைட்டர் சாக்கெட்டை விட்டுவிட்டு, பேட்டரியிலிருந்தே தடித்த வயர் இழுங்கள். பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ். எர்த் போல்ட்டையும் கழற்றிப் பாருங்கள். இந்த உப்புக்காற்றில் வயர் முனையில் உள்ள செம்பு வளையம் (லக்) பச்சை பூத்துக் கிடக்கும். உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். பல வண்டிகளில் இரைச்சல் அங்கேயே அடங்கிவிடும். அப்புறமும் மிச்சமிருந்தால் ஃபில்டர்.

பெட்ரோல் வண்டியில் 'டிக் டிக்' சத்தம் ஆன்டெனா வழியாக வந்தால் இரண்டுமே உதவாது. அது ஸ்பார்க் பிளக் பொறியின் சத்தம்; உள்ளே ரெசிஸ்டர் உள்ள ஸ்பார்க் பிளக் (ரெசிஸ்டர் பிளக்) போடுங்கள்.